வீட்டில் குடியேறும் தேனீக்கள்

மாசி கழிந்து வேம்பும் புங்கும் பூக்கத் தொடங்கும் பருவத்தில், தமிழ்நாட்டின் பல வீடுகளில் அழையாத குடித்தனம் ஒன்று வந்து சேருகிறது. காலையில் வாசல் தெளிக்கும்போது இல்லாதிருந்த கரிய திரள் ஒன்று, மாலையில் மாடிச் சன்ஷேடின் அடியிலோ, கொல்லை மாமரத்தின் கிளையிலோ, மின்சார மீட்டர்ப் பெட்டியின் இடுக்கிலோ மொய்த்துக் கிடப்பதைக் கண்டு வீட்டார் திகைக்கிறார்கள். லக்ஷ்மி கடாக்ஷம் என்று சொல்வாரும் உண்டு. குடி கலைவதற்கு அறிகுறி என்று அஞ்சுவாரும் உண்டு. குழந்தை குட்டிகள் நடமாடும் வீட்டில் இது ஆகாது என்று சொல்லி அன்றிரவே தீப்பந்தத்துக்கு ஆள் தேடுவோரே இப்போது அதிகம். இந்த மூன்று அபிப்பிராயங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: வந்திருப்பது எந்தத் தேனீ என்று எவரும் கேட்பதில்லை. அதற்கு விடை தெரிந்த பிறகே, அதனோடு கூடி வாழலாமா, சற்று விலகி வாழலாமா, அகற்றித்தான் ஆகவேண்டுமா என்ற விசாரணைக்கு இடமுண்டு என்பது என் துணிபு.

தேனீயோடு தமிழருக்குள்ள பரிச்சயம் பெட்டி வைத்து வளர்க்கத் தொடங்கியதனால் வந்ததன்று. பாரியின் பறம்பு மலையை முற்றியிருந்த மூவேந்தரை நோக்கி, உழவர் உழாமலே கிடைக்கும் விளைவுகள் நான்கு அம்மலையில் உண்டு என்று எடுத்துரைத்த கபிலர், மூங்கில் நெல்லையும் பலாவையும் வள்ளிக் கிழங்கையும் சொல்லி, நான்காவதாகத் தேனைச் சொன்னதைப் புறநானூற்றில் காண்கிறோம். மூங்கில் ஏணியால் உயர்ந்த வரைகளில் ஏறித் தேன் எடுத்த வழக்கமும் சங்கச் செய்யுட்களில் இடம்பெற்றிருக்கிறது. அன்று மனிதன் தேனீ இருக்கும் இடத்தைத் தேடி மலையேறினான். இன்று அதே தேனீ, மலைமுகட்டின் உயரமும் நிழலும் உடைய தண்ணீர்த் தொட்டிகளையும் மாடிக் கட்டிடங்களையும் தேடி நம்மிடம் வருகிறது. ஊருக்குள் நின்ற ஆலும் அரசும் வெட்டுண்டு போன இடங்களில் அதற்கு வேறு போக்கிடம் இல்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

தென்னாட்டில் வீட்டைச் சுற்றி இயற்கையாகக் கூடுகட்டி வாழும் தேனீக்கள் நான்கு வகை. 1962இல் அன்றைய பஞ்சாபைச் சேர்ந்த நக்ரோட்டாவில் வெற்றிகரமாகக் குடியேற்றப்பட்ட இத்தாலியத் தேனீ ஐந்தாவது. அது பெட்டியை நம்பி வாழ்வது, நம் வீட்டுச் சுவரில் தானாக வந்து தங்குவது அபூர்வம். ஆகையால் அதனை இங்கே விட்டுவிடலாம்.

நான்கிலும் சிறியது கொசுத்தேனீ. அதனிடம் கொட்டத்தக்க கொடுக்கு இல்லை. பழைய செங்கற்சுவரின் வெடிப்பிலும் கதவு நிலையின் துளையிலும் குடியிருக்கும் இந்தச் சிற்றுயிர், மரப்பிசினையும் மெழுகையும் குழைத்து, சுவரிலிருந்து புறப்பட்டு நிற்கும் ஒரு சிறு குழாயை வாசலாகக் கட்டிக்கொள்கிறது. அந்தக் குழாயின் வாயில் காவற்காரர்கள் சிலர் தலைநீட்டி நிற்பதை, கண்ணாடி அணியும் வயதினரும் சற்றுக் குனிந்தால் காணலாம். உள்ளே தேன் சிறு சிறு குப்பிகளில் சேமிக்கப்படுகிறது. கிடைப்பது சொற்பமே ஆயினும் மருந்துக்கு உகந்தது என்று வைத்தியர் அதனை மதிப்பர். கூட்டைக் கிளறினால் தலைமயிரிலும் காதருகிலும் புகுந்து கடித்து உபத்திரவம் செய்யும்; அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலாது. வெள்ளையடிக்கும்போது அந்தத் துளையை மட்டும் அடைக்காமல் விட்டுவிடுவதே வீட்டுக்காரர் செய்யத்தக்க முழு உபகாரம்.

அடுத்தது கொம்புத்தேனீ. மருதாணிப் புதரிலோ மாதுளைச் செடியிலோ காகிதப்பூக் கொடியிலோ, ஒரு சிறு கொம்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை கட்டும். நான் நெருங்கி நின்று கவனித்த ஒரு கூட்டில், அடையின் இருபுறமும் கொம்பின்மேல் பளபளவென்று ஒட்டும் பசையால் ஒரு வளையம் பூசப்பட்டிருந்தது. கொம்பின் வழியே வரிசையாக வந்த எறும்புகள் அந்த எல்லையை உணர்கொம்பால் தொட்டுப் பார்த்து, சற்றே தயங்கி, வந்த வழியே திரும்பின. வெட்டவெளியில் வாழ்பவர்களுக்கு எறும்பே முதற்பகை என்பதை இத்தேனீ எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறது! இதன் அடை கொம்பின் மேற்புறத்தையும் தழுவி ஒரு சிறு மேடையாக விரிகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி மார்ட்டின் லிண்டவர் 1950களில் இலங்கைக்கு வந்து ஆராய்ந்தபோது, மற்றத் தேனீக்கள் செங்குத்தான அடைமேல் ஆடிப் பூவின் திசையைத் தெரிவிப்பதுபோலன்றி, கொம்புத்தேனீ அந்த மட்டமான மேடையிலேயே, பூ இருக்கும் பக்கத்தையே நேராகக் காட்டி நடனமாடுவதைக் கண்டறிந்தார். சுபாவத்தில் இது சாது. மிகவும் தொந்தரவு செய்தால், எதிர்த்துப் போரிடுவதைக் காட்டிலும் இடம்பெயர்ந்து செல்வதையே விரும்பும். அவ்வாறு பெயர்ந்த பின்னும் பழைய அடைக்குத் திரும்பி வந்து மெழுகைச் சுரண்டி எடுத்துச் சென்று புதுக் கூட்டுக்குப் பயன்படுத்தும் சிக்கனம் அதற்குண்டு. செடியைக் கவாத்து செய்வதைச் சில மாதங்கள் தள்ளிப்போட மனமிருந்தால், இதனால் எந்த வீட்டுக்கும் கேடில்லை.

வீட்டோடு மிக நெருங்கி வாழ்வது அடுக்குத்தேனீ. பொந்துத்தேனீ என்பதும் இதுவே. இருளும் அடக்கமும் உள்ள இடம் எதுவாயினும் அதற்குச் சம்மதம். காட்டில் மரப்பொந்தையும் கறையான் புற்றையும் நாடுவது, ஊரில் பரண்மேல் கவிழ்த்த பானையையும் பூட்டிக் கிடக்கும் அறையின் அலமாரியையும் நாடுகிறது. உள்ளே ஒன்றுக்கொன்று இணையாகப் பல அடைகளைத் தொங்கவிட்டு, புழுக்கள் வளரும் நடுப்பகுதியை ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி வெப்பத்தில், வெளியே வெயில் அடித்தாலும் பனி பெய்தாலும் மாறாது காத்துவருகிறது. பெருங்குளவி ஒன்று வாசலில் வந்து நின்றால், நூற்றுக்கணக்கான தேனீக்கள் அதனைச் சூழ்ந்து ஒரே உருண்டையாகி, தம் உடல் தசைகளை அசைத்து வெப்பத்தை 46 டிகிரிக்கு உயர்த்திவிடும் என்றும், அந்த வெப்பம் குளவியால் தாங்கமுடியாததும் தேனீயால் தாங்கத்தக்கதும் ஆகும் என்றும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1995இல் வெளியிட்டனர். இவ்வளவு வீரமுள்ள உயிர், தன் வாசலுக்கு நேர் குறுக்கே நில்லாத மனிதனை ஏறிட்டும் பாராமல் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது பாட்டுக்கு அது இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அனுபவத்தில் விளைந்த உண்மை.

வீட்டாரை அதிகம் கலங்கச் செய்வது கூடு பிரியும் காலம். பழைய ராணியும் கூட்டத்தில் ஒரு பகுதியும் புறப்பட்டு, வாசற்கம்பியிலோ நிறுத்திவைத்த வண்டியிலோ திரண்டு தங்குகையில் தெருவே கூடிவிடுகிறது. உண்மையில் தேனீ மிகச் சாந்தமாக இருப்பது அந்த நேரத்தில்தான்; காக்கவேண்டிய அடையோ புழுவோ தேனோ அப்போது அதனிடம் இல்லை. தூது சென்ற தேனீக்கள் இடம் பார்த்து வந்து, திரளின் மேற்பரப்பில் நடனமாடித் தத்தம் இடத்தை எடுத்துரைக்கும். நேரம் ஆக ஆக ஒரே இடத்துக்குரிய நடனமே மிஞ்சும். அவ்வளவில் திரள் முழுவதும் ஒருமனப்பட்டு எழுந்து போய்விடும். இதனையும் முதலில் ஊன்றி ஆராய்ந்தவர் லிண்டவரே. சில மணி நேரமோ ஓரிரு நாளோ பொறுத்திருக்கத் தெரிந்த வீட்டாருக்கு இங்கே செய்யவேண்டியது ஒன்றுமில்லை.

அவ்வாறன்றிச் சுவருக்குள்ளேயே குடியேறிவிட்டால், வாசலைச் சிமெண்டால் அடைப்பதும் மருந்தடிப்பதும் மிகத் தவறான உபாயங்கள். உள்ளே புழுக்கள் அழுகும். காவலற்ற தேன் கோடை வெப்பத்தில் உருகிச் சுவரெல்லாம் கசியும். எறும்பும் மெழுகுப் பூச்சியும் பின்தொடரும். தேனீ வளர்ப்பவர் ஒருவர் வந்து, மாலை மங்கும் வேளையில் அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, சட்டங்களில் வாழைநாரால் கட்டி, ராணியையும் தேடிப் பெட்டியில் விட்டால், மற்றவை தாமே பெட்டிக்குள் சென்றுவிடும். அதற்குப் பிறகு பொந்தைப் பூசிக்கொள்ளலாம். குமரி மாவட்டத்திலும் பழனி மலைப் பக்கத்திலும் இக்கைத்தொழில் தெரிந்தவர் இன்றும் இருக்கிறார்கள்.

இனி மலைத்தேனீ. அச்சத்துக்கு நியாயமான காரணம் உள்ள இடம் இது ஒன்றே. மற்றத் தேனீக்களைவிட உருவில் பெரிதான இது, ஒரு மீட்டருக்கு மேலும் அகன்று விரியக்கூடிய ஒற்றை அடையை உயரத்தில் திறந்தவெளியில் தொங்கவிடுகிறது. அடைக்குக் கூரையும் சுவரும் தேனீக்களே. பல அடுக்காக ஒன்றையொன்று பற்றித் தொங்கி, வெயிலையும் மழையையும் தம் உடலால் தடுத்துக்கொண்டிருக்கின்றன. குளவி அருகில் பறந்தால், ஒரு புறத்துத் தேனீக்கள் சட்டென்று வயிற்றை மேலே உயர்த்த, பக்கத்திலுள்ளவையும் அவ்வாறே செய்ய, கிணற்றில் கல் விழுந்ததும் நீர்வட்டம் விரிவதுபோல, கண் இமைக்கும் நேரத்தில் அந்தக் கரிய திரை முழுவதும் ஒரு வெள்ளை மினுக்கம் ஓடி மறையும். ஆஸ்திரிய நாட்டுக் கிராஸ் நகரத்துக் காஸ்ட்பெர்கரும் அவர் குழுவினரும் இதனைப் படம் பிடித்து ஆராய்ந்து, இந்த அலை குளவியைத் தொலைவிலேயே திருப்பிவிடுகிறது என்று 2008இல் நிரூபித்தனர். எதிர்வீட்டு மாடியிலிருந்து இதனைப் பார்க்க வாய்த்தவர்களுக்கு, ஒரு கொட்டும் இன்றி நடக்கும் இந்தப் போர் மறக்கக்கூடிய காட்சியன்று.

மலைத்தேனீ குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் உலர்த்திய வேட்டியிலும் புடவையிலும் மஞ்சள் புள்ளிகள் விழுவது உண்டு. அந்தி வேளையில் கூட்டம் கூட்டமாகப் பறந்து எழுந்து மலம் கழிப்பது அதன் வழக்கம். மகரந்தத்தின் சக்கையே அந்த மஞ்சள். இந்தச் சாதாரண விஷயம் ஒருமுறை உலக அரசியலையே கலக்கியது. லாவோஸ் நாட்டுக் காடுகளில் விழுந்த மஞ்சள் மழை, விரோதிகள் தெளித்த விஷம் என்று 1981இல் அமெரிக்க அரசாங்கம் குற்றஞ்சாட்டியபோது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மெசல்சனும், தேனீ ஆராய்ச்சியில் பேர்பெற்ற சீலியும் தாய்லாந்துக்குச் சென்று, அது தேனீக்களின் எச்சமே என்பதைக் கண்ணெதிரே கண்டு வெளியிட்டனர். நம் வீட்டுத் துணிகளைப் பொறுத்தவரை, கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டினால் போதும்.

இன்னொரு வழக்கம், நிலவொளியிலும் இது இரை தேடப் பறக்கும். ஆகவே இரவில் எரியும் விளக்கு அதனை வலிய இழுக்கிறது. விடிந்ததும் டியூப் லைட்டின் கீழே தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும் தேனீயை மிதித்துக் கொட்டு வாங்கும் குழந்தைகளே அநேகர். கூடு இருக்கும் பக்கத்து விளக்கை அணைத்துவிடுவதும், ஜன்னலுக்கு வலை அடிப்பதும் இதற்குப் பரிகாரம். எல்லாவற்றிலும் முக்கியமாக அறியவேண்டியது, இது நிரந்தரக் குடியன்று என்பதே. பூ உள்ள சில மாதங்கள் இருந்து, பூ குறைந்ததும் கூட்டத்தோடு நெடுந்தூரம் பெயர்ந்துவிடும். அடுத்த பருவத்தில் அதே கிளைக்கும் அதே தொட்டிக்கும் திரும்பி வருவதும் உண்டு. சில கூட்டங்கள் அதே ராணியுடன் அதே இடத்துக்கு வந்ததை மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் வேலைக்காரத் தேனீக்கள் யாவும் மடிந்து புதியவை தோன்றியிருக்க, வழி எவ்வாறு நினைவில் நின்றது என்பது ஆச்சரியத்துக்குரியது.

இதன் கோபத்துக்குக் காரணங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றன. தேன்பருந்து அடையைக் கிழிப்பது, சிறுவர் கல்லெறிவது, பட்டத்தின் நூல் உரசுவது, கூட்டின் கீழே குப்பை கொளுத்துவது, திருவிழாவில் வெடி வெடிப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒரு தேனீ கொட்டியதும் அந்த இடத்திலிருந்து வாழைப்பழ வாசனை ஒத்த ஒரு மணம் எழுகிறது. அது மற்றவற்றுக்கு அபாய அறிவிப்பு. அதனால்தான் ஒன்றை அடித்து நசுக்கினால் நூறு வருகிறது. இலங்கையின் சிகிரியாக் குன்றில் ஏறுவோரை ஓசையின்றிச் செல்லுமாறு எச்சரிக்கும் பலகைகள் நிற்பது இந்தத் தேனீயை முன்னிட்டே. துரத்தப்பட்டால் கைகளை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, நேரே ஓடி ஓர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

கொட்டுக்குரிய வைத்தியத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. கொடுக்கைக் கிள்ளி எடுக்கலாகாது, வழித்துத்தான் எடுக்கவேண்டும் என்று பலகாலம் சொல்லப்பட்டு வந்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 1996இல் சோதித்துப் பார்த்து, எடுக்கும் முறையைவிட எடுக்கும் வேகமே முக்கியம் என்று முடிவு கூறினர். தோலில் தங்கிய நஞ்சுப்பை தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு விநாடியும் கணக்கு. உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் மஞ்சளும் சுண்ணாம்பும் தேடி நேரம் போக்காமல், அட்ரினலின் ஊசி போடக்கூடிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். பல கொட்டுகள் பட்டவரை, அவர் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தாலும், மருத்துவர் பார்த்தே தீரவேண்டும்.

கதண்டு என்னும் குளவியையும் தேனீயையும் ஒன்றாக எண்ணுவதும் பெருந்தவறு. கதண்டின் கூடு, மெழுகால் ஆகாமல், மரநாரை மென்று செய்த காகிதம் போன்ற பொருளால் ஆனது. அதற்குத் தேன் சேமிக்கும் வழக்கமில்லை. ஒரே பூச்சி திரும்பத் திரும்பக் கொட்டவல்லது. தஞ்சைப் பக்கத்தில் கதண்டு கடித்து இறந்தார் என்ற செய்தி படித்த ஒருவர், தம் வீட்டு மாதுளையிலிருந்த கொம்புத்தேனீயைக் கொளுத்தினால், ஒன்றின் பழி மற்றொன்றின்மேல் ஏறியதாகவே முடியும்.

தீப்பந்தத்தால் விளைவது என்ன? இரவில் கொளுத்தப்பட்ட மலைத்தேனீக் கூட்டில் சாவது ஒரு பகுதி. மிஞ்சியவை வீடிழந்து அங்கேயே சுற்றி, மறுநாள் காலையில் அந்த வழியே பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் பால்காரரையும் கொட்டுகின்றன. கொளுத்தியவரோ கூலியையும் தேனையும் வாங்கிக்கொண்டு போயிருப்பார். நீலகிரியின் குறும்பரும் இருளரும் செங்குத்தான பாறைகளில் கயிற்றேணியில் இறங்கித் தேன் எடுக்கிறார்கள். பச்சிலைப் புகையால் தேனீயை விலக்குவதே அவர்கள் கைக்கொள்ளும் வித்தை. தேனுள்ள பகுதியை மட்டும் அறுத்துப் புழுவுள்ள பகுதியை விட்டுவைத்தால் கூட்டம் அங்கேயே தங்கி மீண்டும் கட்டும் என்பதை, அவர்களோடு கோத்தகிரியில் 1993 முதல் பணியாற்றிவரும் கீஸ்டோன் ஸ்தாபனத்தார் எடுத்துச் சொல்லிவருகின்றனர். ஆண்டுதோறும் தேனீ திரும்பிவர வேண்டும் என்று விரும்புகிறவனுக்கும், அது இன்றோடு ஒழிய வேண்டும் என்று விரும்புகிறவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வீட்டுக் கூட்டத்தைக் காப்பதில் நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்போருக்குச் சமீப கால வரலாறே பதில் சொல்லும். திருச்சிராப்பள்ளியில் 1911 முதல் 1917 வரை நியூட்டன் பாதிரியார் அடுக்குத்தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை வகுத்துக் கொடுத்தார். பின்னர் 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. அத்தொழிலைக் குடிசைதோறும் பரப்பியது. அவ்வாறு வளர்ந்த தொழிலை 1991-92இல் பரவிய தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் சில மாதங்களில் சாய்த்துவிட்டது. புழுக்கள் அடையிலேயே இறந்து, குமரி மாவட்டத்துப் பெட்டிகள் பெரும்பாலும் காலியாயின. நோயைத் தாங்கிப் பொந்துகளில் பிழைத்திருந்த கூட்டங்களைப் பிடித்து வந்தே வளர்ப்போர் மீண்டும் தொழிலைத் தொடங்கினர். ஆகவே, உங்கள் சுவரின் பொந்திலிருப்பது அடுத்த பஞ்சத்துக்கு வைத்த விதைநெல். முருங்கையும் தென்னையும் மாவும் பூசணியும் காய்ப்பதிலும், மலைத்தோட்டத்து ஏலம் மணியாவதிலும் இந்தத் தேனீக்களுக்குள்ள பங்கைத் தனியே விரிக்க வேண்டியதில்லை.

கூடி வாழ்வதற்கு வேண்டிய ஒழுங்குகள் சிலவே. கோடையில் சமையலறைக் குழாயில் தேனீ மொய்த்தால், தோட்டத்தில் நிழலான ஓரிடத்தில் கூழாங்கற்கள் இட்ட தண்ணீர்த் தட்டு ஒன்றை வைத்து, அதனை ஒருநாளும் வற்றவிடாமல் இருந்தால் அங்கேயே பழகிக்கொள்ளும். பூத்திருக்கும் செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது கூடாது. அடித்தே தீரவேண்டுமானால் தேனீ அடங்கிய அந்திக்குப் பிறகு அடிக்கலாம். தேனீ வாசலுக்கு நேரே நடைபாதை அமையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு செய்தும் அகற்றத்தான் வேண்டும் என்னும் நிலைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பள்ளிக்கூட வாசலிலும் மருத்துவமனை மாடிப்படியிலும் கைக்கெட்டும் உயரத்தில் மலைத்தேனீ தங்கினால், அல்லது தேனீக்கடி ஒவ்வாதவர் அந்த வீட்டில் இருந்தால், உயிரை முன்னிட்டு அகற்றுவதே தர்மம். அப்போதும் கவச உடையும் புகைக்கருவியும் உடைய பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய காரியம் அது.

இன்று மக்கள் தீயணைப்பு நிலையத்தையே அழைக்கிறார்கள். அங்குள்ள வீரர்களுக்கோ நெருப்பும் விபத்தும் வெள்ளமும் முன்னே நிற்கின்றன. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் நகராட்சி அலுவலகத்திலும், அந்த வட்டாரத்தில் கூட்டைச் சேதமின்றிப் பெட்டிக்கு மாற்றத் தெரிந்தவர்களின் பெயர்ப் பட்டியல் சுவரில் தொங்கவேண்டும். அவர்களுக்கு உரிய கூலியை ஊர்ப்பொதுப் பணத்திலிருந்தே கொடுக்கவேண்டும். பழங்குடித் தேனெடுப்போரும் மார்த்தாண்டத்து வளர்ப்பாளரும் கற்றுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கும்போதே, அதிகாரிகள் இதனைச் செய்ய முன்வர வேண்டும்.